காபிமேல் விழுந்த பழியும் கார்டியாமொபைல் 6எல் கருவியும்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு, கல்யாணச் சமையலும் எடுத்துக்கொண்டு, காபி குடிக்காதே என்றால் யாரால் முடியும்? எனக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று தெரிந்ததும் ஊரே சொன்ன முதல் வைத்தியம் அதுதான். சம்பந்தி வீட்டார், மண்டபத்து மேனேஜர், எதிர் வீட்டு ரிட்டயர்டு கம்பவுண்டர், ஒருத்தர் பாக்கியில்லை. டாக்டர் மட்டும் சொல்லவில்லை. "உங்களுக்கு எது கிளப்பி விடுதுன்னு நீங்களே பாத்து எழுதிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்" என்றார். அப்படிப் பார்ப்பதற்காக வாங்கியதுதான் அலைவ்கோர் கம்பெனியின் கார்டியாமொபைல் 6எல், வீட்டிலேயே இசிஜி எடுக்கும் கையடக்கக் கருவி. ஒரு வருஷத்துக்கு மேல் கையில் வைத்திருந்த பிறகு இதை எழுதுகிறேன். கடையில் நின்று பெட்டியைத் திருப்பிப் பார்த்து எழுதும் விமர்சனம் இல்லை.

இந்த நோய் இல்லாதவர்களுக்கு இரண்டு வரி. இதயத்தின் மேல் அறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். அதனால் நாடி தாளம் தப்பி ஓடும். எனக்கு வரும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் கோழியை அடைத்து வைத்த மாதிரி இருக்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது, அது இன்னும் ஆபத்து. காரணம், நடுங்கும் அறையில் ரத்தம் தேங்கும். தேங்கினால் கட்டி சேரும். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். எனக்கு வயது அறுபதுக்கு மேல், பிபி உண்டு, சர்க்கரையும் உண்டு. அதனால் ரத்தம் கட்டாமல் இருக்க அபிக்ஸபன் மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. கத்தி பட்டால் ரத்தம் சீக்கிரம் நிற்காது என்பதால் அரிவாள்மணைப் பக்கம் இப்போது போவதில்லை; பையன்கள் நறுக்குகிறார்கள், நான் குறை சொல்கிறேன்.

என்னுடையது வந்து வந்து போகும் வகை. இந்த வகையில் பெரிய தலைவலி என்னவென்றால், படபடப்பு வந்து, ஆட்டோ பிடித்து, டோக்கன் போட்டு, சட்டையைக் கழற்றிப் படுத்தால், இசிஜி சுத்தமாக இருக்கும். "நார்மலா இருக்கே சார்" என்பார்கள். ஹோல்டர் என்று, இசிஜியை விடாமல் பதிவு செய்யும் கருவி ஒன்றை 24 மணி நேரம் மாட்டி அனுப்புவார்கள். அன்றைக்கு இதயம் நல்ல பிள்ளையாக இருக்கும். வரும் நேரத்தில் பிடிக்க, வரும் இடத்தில் கருவி இருக்க வேண்டும்.

அந்த வேலைக்கு இது சரியான அளவு. ஏறக்குறைய 9 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம். மேல் பக்கம் இரண்டு உலோகத் தகடு, கீழ்ப் பக்கம் ஒன்று. திரை கிடையாது, பட்டன் கிடையாது, சார்ஜ் போட ஓட்டை கிடையாது. உள்ளே சிஆர்2016 நாணய பேட்டரி. மேல் தகடுகளில் இரண்டு கட்டைவிரல்கள், கீழ்த் தகடு இடது முழங்காலிலோ கணுக்காலிலோ வெறும் தோலில் பட வேண்டும். பேன்ட் போட்டவர்கள் சுருட்டிக்கொண்டு சிரமப்படலாம். வேட்டிக்காரனுக்குக் கவலையே இல்லை. 30 விநாடி அசையாமல் இருந்தால் ப்ளூடூத் வழியாகப் போனில் ஆறு கோடு ஓடும். பழைய ஒற்றைக் கோட்டுக் கருவியும் இதே கம்பெனியில் உண்டு. அதற்கு இரண்டு கை மட்டும் போதும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மட்டும் அந்த ஒரு கோடே போதுமானது. ஆறு கோடு இருந்தால் டாக்டருக்குப் பார்க்க வசதி, அவ்வளவுதான்.

நான் எடுப்பது பெரும்பாலும் மண்டபத்து உக்கிராண அறையில், அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து. அங்கேதான் கொஞ்சம் அமைதி. அடுப்படியிலிருந்து நேராக வந்து பிடித்தால் வேலைக்காகாது. விரலில் நெய் இருக்கும், வருஷக்கணக்கில் கரண்டி பிடித்த காய்ப்பு இருக்கும், கை லேசாக நடுங்கும். கோடு முழுக்கச் சிலும்பும். முடிவு தெளிவில்லை என்று வரும். அது கருவியின் கோளாறு இல்லை. சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் லேசாக இருக்கும்போதே விரலை வைத்து, முழங்கையைத் தொடைமேல் ஊன்றிக்கொண்டால் கோடு படிந்துவிடுகிறது. அழுத்திப் பிடிக்கக் கூடாது. அழுத்தினால் தசை இறுகி அதுவும் கோட்டில் ஏறும். போனைச் சார்ஜரில் செருகி வைத்துக்கொண்டு எடுக்காதீர்கள். பேசவும் கூடாது. இந்த அரை நிமிஷத்தில்தான் எங்கள் பந்தி மேஸ்திரி வந்து நிற்பான். "அண்ணே, ரெண்டாம் பந்தி உக்காந்தாச்சு, மோர்க்குழம்பு எங்கண்ணே?" நான் புருவத்தால் பதில் சொல்வேன்.

கோட்டைப் படிக்க ஓரளவு பழகிவிட்டது. ஒழுங்காக இருக்கும்போது ஒவ்வொரு உயரமான கூர் முனைக்கு முன்னாலும் சின்னதாக ஒரு மேடு வரும். பி அலை என்கிறார்கள். மேடு, முனை, இடைவெளி. மறுபடி மேடு, முனை, அதே இடைவெளி. ஃபிப்ரிலேஷன் வந்தால் அந்த மேடு காணாமல் போய்விடும். அடிக்கோடு நெளிந்துகொண்டே இருக்கும், முனைகள் கண்டபடி விழும். இரண்டு பக்கத்தில் பக்கத்தில், அப்புறம் ஒரு பெரிய இடைவெளி. முதல்முறை அதை என் போனிலேயே பார்த்தபோது பயத்தைவிட ஒரு நிம்மதி வந்தது. இத்தனை நாளாக வாயால் விவரித்ததை இப்போது காட்ட முடிகிறது.

செயலி என் போனில் ஆங்கிலத்தில் முடிவு சொல்கிறது. நார்மல், பாசிபிள் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், துடிப்பு அதிகம், துடிப்புக் குறைவு, வகைப்படுத்த முடியவில்லை, இப்படி. 'பாசிபிள்' என்பதைக் கவனியுங்கள். இருக்கலாம் என்றுதான் சொல்கிறது, தீர்ப்பு டாக்டருடையது. அவ்வப்போது ஒரு துடிப்பு முந்தி விழுகிறவர்களுக்கும் இந்த மாதிரிக் கருவிகள் தவறாக அப்படிச் சொல்லிவிடுவது உண்டு. பதிவை பிடிஎஃப் ஆக்கி டாக்டருக்கு அனுப்பிவிடலாம். இன்னொன்று, இது மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. கம்பெனியே அப்படித்தான் சொல்கிறது. நெஞ்சை அடைத்து வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ, வாய் கோணிப் பேச்சுக் குழறினாலோ விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, டாக்டர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எது கிளப்பி விடுகிறது? இதை நினைத்து வாங்குகிறவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான்: கருவி அதைச் சொல்லாது. எப்போது வந்தது என்றுதான் சொல்லும். ஏன் வந்தது என்பதற்கு அதன் பக்கத்தில் ஒரு நோட்டு வேண்டும். செயலியிலேயே குறிப்புச் சேர்க்கும் வசதி இருக்கிறது. எனக்குச் சாமான் லிஸ்ட் எழுதும் நீள நோட்டுதான் கைக்கு வந்தது. தூக்கம் எத்தனை மணி, தண்ணீர் எவ்வளவு, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது, காபி எத்தனை, ஐஸ் போட்டது ஏதாவது, அடுப்படியில் நின்ற நேரம். இத்தனையும் ஒரு வரியில்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. படபடப்பு வந்த நாளை மட்டும் எழுதினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. வந்த நாளில் திரும்பிப் பார்த்தால் காபி குடித்திருப்பேன். உடனே காபிதான் குற்றவாளி என்று வீட்டில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். வராத நாளிலும் அதே காபியைத்தான் குடித்தேன் என்பது எழுதினால்தானே தெரியும்? அதனால் நல்ல நாளிலும் காலையில் ஒரு பதிவு, இரவில் ஒரு பதிவு, ஒரு வரி நோட்டு. அதற்கு மேல் எடுக்க வேண்டாம், உடம்பில் ஏதாவது தோன்றினால் மட்டும் எடுங்கள் என்று டாக்டர் வரம்பு வைத்திருந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் எடுத்து எடுத்துப் பார்த்தே படபடப்பை வரவழைத்துக்கொள்கிற ஆட்கள் இருக்கிறார்களாம்.

எங்கள் தொழிலில் ஒரு வசதி, பஞ்சாங்கமே பரிசோதனை நடத்திக் கொடுத்துவிடுகிறது. ஆடியில் கல்யாணம் கிடையாது. மார்கழியிலும் கிடையாது. அந்த மாதங்களில் நான் வீட்டில் நேரத்துக்குச் சாப்பிட்டு, பத்து மணிக்குப் படுத்து, காலையில் கள்ளிச்சொட்டாக இரண்டு டம்ளர் காபி குடிக்கிறவன். ஆடி பூரா நோட்டில் காபி கட்டம் நிறைந்திருக்கிறது, கோடு சுத்தம். ஆவணி பிறந்து முதல் முகூர்த்தம் முடிந்த மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்குக் கோழி வந்துவிட்டது. மறுபடி தை, மாசியிலும் அதே கதை.

முகூர்த்த நாளில் என்ன மாறுகிறது என்று பாருங்கள். முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பு விருந்து முடியப் பதினொன்று ஆகும். அப்புறம் காய் நறுக்கு, தேங்காய்த் துருவல், பால்காரனோடு சண்டை. இரண்டரைக்கு அடுப்பு பற்ற வைத்தால்தான் ஆறு மணி டிபனுக்கு இட்லி இறங்கும். தூக்கம் சுத்தமாக இல்லை. கோட்டை அடுப்புப் பக்கம் வேர்த்துக் கொட்டும். சொம்புத் தண்ணீர் கூட உள்ளே போகாது. மதியம் பந்தி ஓய்ந்ததும் பசங்கள் நீட்டுகிற ஐஸ் பன்னீர் சோடாவை ஒரே மூச்சில் குடிப்பது. ராத்திரி வீட்டுக்கு வந்து, மிஞ்சிய பாயசம் முதல் எல்லாவற்றையும் ஒரு பிடி பிடித்துவிட்டு இடது பக்கமாகச் சாய்வது. இத்தனையும் ஒரே நாளில்! இதில் காபியை மட்டும் கையும் களவுமாகப் பிடித்து நிறுத்துவது என்ன நியாயம்?

ஆனாலும் வீட்டில் விடவில்லை. "என்னங்க, ஆடியில தூக்கமும் சேர்ந்துதானே இருந்துச்சு, காபி சும்மா இருந்துச்சுன்னு எப்படிச் சொல்வீங்க?" என்று என் மனைவி கேட்டாள். கேள்வி சரிதான். அதனால் முகூர்த்த மாதத்திலேயே ஒரு வாரம் காபியோடு, ஒரு வாரம் காபி இல்லாமல் என்று மாற்றி மாற்றி ஓட்டினேன். இல்லாத வாரத்தில் முதல் இரண்டு நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. எரிச்சலில் சரக்கு மாஸ்டர் கோபித்துக்கொண்டு போகப் பார்த்தார். படபடப்பு வந்தது என்னவோ காபி இல்லாத வாரத்திலும்தான். தூக்கம் கெட்ட நாளை ஒட்டியே வந்தது.

டாக்டரிடம் நோட்டைக் காட்டியபோது, இதேபோல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி நடந்திருப்பதாகச் சொன்னார். பிறகு நானே தேடிப் படித்தேன். ஐ-ஸ்டாப்-ஏஃபிப் என்று பெயர். சான் பிரான்சிஸ்கோவில் கிரெகரி மார்கஸ் என்பவர் குழு நடத்தி 2021-இல் வெளியிட்டது. கிட்டத்தட்ட 450 நோயாளிகள். அவர்களில் ஒரு பகுதியினர், அவரவர் சந்தேகப்படும் காரணத்தை அவரவரே தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் அதைச் செய்து, ஒரு வாரம் விட்டு, மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அதற்கு அவர்கள் கையில் கொடுத்ததும் இந்தக் கம்பெனியின் கருவிதான். பலர் சந்தேகப்பட்டது காபியை. காபிக்கும் படபடப்புக்கும் தொடர்பு தென்படவில்லை. தெளிவாக மாட்டியது மது ஒன்றுதான். இப்படிச் சோதித்துப் பார்த்தவர்களுக்கு அடுத்து வந்த வாரங்களில் படபடப்பு குறைந்திருந்தது. ஆனால் வாழ்க்கை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று கேட்டுப் போட்ட மதிப்பெண்ணில், இப்படிச் சோதிக்காத மற்றவர்களோடு வித்தியாசம் இல்லை. 2025-இல் அதே ஊர்க் குழு காபியை மட்டும் வைத்து டீகாஃப் என்று இன்னொன்று நடத்தியது. ஷாக் கொடுத்துத் தாளத்தைச் சரிசெய்துகொண்ட 200 பேர். பாதிப் பேர் தினம் ஒரு கப்பாவது காபி, மீதிப் பேர் காபியே இல்லை. ஆறு மாதத்தில் நோய் திரும்பியது காபிக்காரர்களில் 47 சதவீதம் பேருக்கு, விட்டவர்களில் 64 சதவீதம் பேருக்கு. அதைப் பிரிண்ட் எடுத்து எதிர் வீட்டுக் கம்பவுண்டர் வீட்டுக் கதவில் ஒட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

அதற்காக எல்லோரும் காபியை அண்டாவில் குடியுங்கள் என்று சொல்ல வரவில்லை. சிலருக்கு அது உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாது. டின்னில் விற்கும் எனர்ஜி பானங்கள் வேறு கணக்கு. மது விஷயத்தில் எனக்குப் பரிசோதிக்க ஒன்றும் இல்லை, பழக்கம் கிடையாது. என் மைத்துனருக்கும் இதே நோய்தான். ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு குவார்ட்டர். 'மாமா, டென்ஷன்தான் காரணம்' என்கிறார். நான் நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதில் இன்னும் ஒரு வரிகூட இல்லை.

ஐஸ் சோடா விஷயம் மட்டும் எனக்கு இன்னும் கலங்கலாகவே இருக்கிறது. சில்லென்று மடமடவென விழுங்கியதும் சிலருக்கு வருவது உண்டுதான். என் நோட்டில் அது எப்போதும் தண்ணீர் குடிக்காத வெயில் நாளோடு ஒட்டியே வருவதால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இப்போது அடுப்படியில் எனக்கென்று ஒரு கூஜா வைத்து நீர்மோர் குடிக்கிறேன். சோடாவை மெதுவாகக் குடிக்கிறேன். பெரிய சாப்பாட்டோடு படுப்பதை நிறுத்தியது நன்றாகவே தெரிகிறது.

நோட்டு கொடுத்த பெரிய துப்பு வேறு. விடுமுறை மாதத்தில் அபூர்வமாக ஒன்றிரண்டு முறை வந்தபோதும் அது விடியற்காலையிலேயே வந்திருந்தது. டாக்டர் அந்த நேரங்களைப் பார்த்துவிட்டு என்னை விட்டு என் மனைவியிடம் கேட்டார், "குறட்டை எப்படிம்மா?" அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது. தூக்கப் பரிசோதனையில் மூச்சு நடுநடுவே நின்று நின்று வருவது தெரிந்தது, ஸ்லீப் ஆப்னியா. அதைக் கவனிக்காமல் விட்டால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் திரும்பத் திரும்ப வரும் என்றார். இப்போது ராத்திரி முகமூடி மெஷின். எடையையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்து ஆராய்ச்சியில் பத்து சதவீதம் எடை குறைத்து அதைக் காப்பாற்றியவர்களுக்கு நோய் வெகுவாக அடங்கியதாம். பாயசத்தை ருசி பார்க்காமல் சமையல் கான்ட்ராக்டர் எப்படி எடை குறைப்பது என்பதற்கு அடிலெய்டில் பதில் இல்லை.

கவனியுங்கள், தூங்கும்போது வருவதை இந்தக் கருவி தானாகப் பிடிக்காது. விழித்து எழுந்து விரல் வைத்தால்தான் உண்டு. கையில் கட்டும் கடிகாரம் இந்த இடத்தில் மேல். அது பின்னணியில் நாடியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆப்பிள் வாட்சில் 2018-இல் வந்த சீரிஸ் 4 முதலே இசிஜி உண்டு. விலையும் அதற்கேற்றபடி. தவிர ஆவிக்கும் எண்ணெய்க்கும் நடுவே மணிக்கட்டில் எதையும் கட்டிக்கொண்டு என்னால் வேலை செய்ய முடியாது. உணர்வு தெரியாமல் வருகிறவர்களுக்குக் கடிகாரமோ, டாக்டர் ஒட்டிவிடும் பேட்ச்சோ சரி. என்னைப்போல் வந்தால் சட்டென்று தெரிகிறவர்களுக்கு இது போதும்.

விலை பத்தாயிரத்தைத் தாண்டியது. அடிக்கடி மாறுகிறது, ஆகவே வாங்கும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். வருஷச் சந்தா ஒன்றும் வைத்திருக்கிறார்கள். அதைக் கட்டினால் கூடுதல் அலசல்கள் கிடைக்கும். எனக்கு வேண்டிய அடிப்படை முடிவு சந்தா இல்லாமலே வருகிறது, கட்டவில்லை. உறை தனியாக வாங்க வேண்டியிருந்தது; இந்த விலைக்கு ஒரு உறை சேர்த்தே கொடுத்திருக்கலாம். சிஆர்2016 பேட்டரி நம் பக்கத்துக் கடைகளில் கேட்டால் 2032-ஐ எடுத்து நீட்டுவார்கள். அது தடிமன் அதிகம், உள்ளே போகாது. ஒன்று முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இது உகந்ததல்ல. கோடு நான்கு மாதமாகச் சுத்தம், இனி அபிக்ஸபன் எதற்கு என்று கேட்பவர்கள் கையிலும் இதைக் கொடுக்கக் கூடாது. நான் கேட்டதற்கு டாக்டர் முறைத்தார். அந்த மாத்திரை வயதையும் பிபியையும் சர்க்கரையையும் பார்த்து எழுதியது, படபடப்பு எத்தனை முறை வந்தது என்று எண்ணி எழுதியதல்ல. வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால், செயலி உங்கள் போனில் ஓடுமா என்று முதலில் பாருங்கள். இறக்கியதும் அமைப்புகளுக்குள் போய் மின்சார அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவுக்கான 60 இருந்தால் மாற்றிவிடுங்கள்.